திராட்சைக்குக் காவல் இருந்து தேய்ந்த எஸ்.எஸ்.டி.

உள்ளே எதுவுமே சுழலாத ஒரு பொருள் எப்படித் தேயும்?

இன்று காலை வீட்டுக் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. போன வருடம் இறந்த என் கணவரின் குரல் பதிவுகள் எல்லாம் அதன் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யில்தான் இருக்கின்றன. வேறெங்கும் இல்லை. கிளவுடில் ஏற்றிவைக்க எனக்கு நம்பிக்கை வந்ததில்லை.

அல்லிநகரத்தில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிட்டது என்றார்.

"புதுசுதானே, அதுக்குள்ளயா?" என்றேன்.

"எழுத எழுதத் தேயும் டீச்சர். ராப்பகலா இதுல என்னத்த எழுதுனீக?"

நான் எழுதவில்லை. எழுதியது கேமரா. வீட்டை ஒட்டிய எங்கள் திராட்சைத் தோட்டத்துக் கேமராவின் பதிவை, என் தம்பி அதில்தான் சேரும்படி வைத்திருந்தான்.

அவனைப் போனில் கூப்பிட்டேன்.

"குலைய அறுத்துட்டுப் போறாய்ங்கன்னுதானக்கா வச்சேன். மச்சான் பேச்சும் அதுலயா இருந்துச்சு?" என்றான்.

"குரல் திரும்ப வருமா?" என்று பழுது பார்ப்பவரைக் கேட்டேன்.

"உள்ள இருக்கிறதப் படிக்க மட்டுமாச்சும் விட்டுச்சுன்னா எடுக்கலாம். உறுதியாச் சொல்ல மாட்டேன். வச்சுட்டுப் போங்க."

வீடு வந்ததிலிருந்து அவர் குரலை நினைத்துப் பார்க்கிறேன். சரியாகப் பிடிபடவில்லை.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் உங்களுக்குத் தெரியாமல் என்ன எழுதிக்கொண்டிருக்கிறது? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மறுநாள் சேர்த்தது: கேமராப் பதிவு ஏறக்குறைய முழுசாக வந்துவிட்டது. பார்த்தவரை பந்தலில் கொடி ஆடுகிறது, ஒரு திருடன்கூட இல்லை. குரல் பதிவுகளில் ஒன்று மட்டும் திறந்தது.

"இந்தா, மோட்டார நிப்பாட்டுனியா?" என்கிறார். அவ்வளவுதான்.