தைசியாவின் உப்புக்கிழி

எங்கள் ஊர் லுகினோவில் வெள்ளிக்கிழமை ஆண்கள் குளிக்கும் நாள், சனிக்கிழமை பெண்களுக்கு. மற்ற நாட்களில் ஊர்க் குளியல் கூடத்தின் கொதிகலன் அணைந்தே கிடக்கும். வீட்டில் வெந்நீர்க் குழாய் வைத்திருப்பவர்கள் கூடச் சனிக்கிழமை அங்கே வந்து ஆவியில் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். குழாய் இல்லாதவர்களுக்கு அதை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. தைசியா குர்யானோவ்னாவுக்கு வெந்நீர்க் குழாய் இல்லை. சீஸ் ஆலைக்காரர்களுக்காக முன்பு கட்டிய இரண்டு மாடி மர வீட்டில் அவள் இருக்கிறாள். மாடி நடையில் எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே பச்சைத் தண்ணீர்க் குழாய். அதனால்தான் அவளுக்கும் குளியல் கூடத்து ரிம்மாவுக்கும் நடந்ததை வெறும் வாய்ச்சண்டை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ரிம்மா டிக்கெட் சன்னலைச் சாத்திவிட்டால் தைசியாவின் உடம்பில் வெந்நீர் படாது.

முப்பத்தொரு வருஷம் அந்த ஆலையின் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் சீஸ் உருண்டைகளைப் புரட்டிப் போட்டவள் தைசியா. முழங்கை வரை தோல் செதில் செதிலாக இருக்கும். ரப்பர் பூட்ஸுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கி இறங்கி, முழங்காலுக்குக் கீழேயும் அப்படியேதான். ராத்திரி பகல் இல்லாமல் அரிக்கும் என்பாள். மருந்தகத்தில் கொடுத்த களிம்பு இரண்டு குளிர்காலம் தடவியும் கேட்கவில்லை. அந்த அரிப்புதான் அவள் நாக்கிலும் ஏறியதோ என்னவோ. அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து நான் கேட்டது இரண்டே தடவை. இரண்டும் நாய்க்குச் சொன்னது.

ஆனால் கைவேலை தெரிந்தவள். பேருந்து நிலையத்துச் சிற்றுண்டிக் கடையில் கொட்டப்போகும் காப்பிச் சக்கையை வாங்கி வந்து, செய்தித்தாளில் பரப்பி அடுப்போரம் காயவைப்பாள். இரண்டு பிடி சக்கைக்கு ஒரு பிடி உப்பு, குழைகிற அளவுக்குச் சூரியகாந்தி எண்ணெய், கொஞ்சம் தேன். ஊறுகாய் ஜாடியில் அடைத்துக் கொண்டுவந்து, ஆவி அறையில் நன்றாக வியர்த்த பிறகு பாதத்திலிருந்து மேல்நோக்கி வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் ஆசைப்பட்டுப் பார்த்தால் ஒரு கை அள்ளி அவள் முதுகில் அறைகிற மாதிரி அப்புவாள். காசு கேட்க மாட்டாள். நானும் தேய்த்திருக்கிறேன். கழுவின பிறகு தோல் குழந்தைத் தோல் மாதிரி இருக்கும்.

ரிம்மா ஒசிப்போவ்னாவுக்கு அந்த ஜாடியைக் கண்டாலே ஆகாது. அவள் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டவருக்குப் பொறுக்காது. டிக்கெட் கொடுப்பதும் தரை கழுவுவதும் சாவி வைத்திருப்பதும் அவள் ஒருத்தியே. காப்பிச் சக்கையும் எண்ணெயும் முடியும் சேர்ந்து தண்ணீர் போகிற ஓட்டையில் களிமண்ணாக அடைத்துக்கொள்ளும். குப்புறப் படுத்து, தோள் வரை கையை விட்டு அள்ளி எடுப்பவள் அவள். ஆறு வருஷமாக அப்படி அள்ளினாள். ஏழாவது வருஷம் சன்னலுக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது. காப்பி, தேன், எண்ணெய் கொண்டுவருகிறவர்களுக்கு டிக்கெட் கிடையாது.

தைசியா அட்டையை இரண்டு தடவை படித்தாள். உப்பு என்று அதில் எழுதவில்லையே என்று கேட்டாள். அடுத்த சனிக்கிழமை ஜாடி வரவில்லை. ஓட்ஸை மாவாக அரைத்து, நாலு தேக்கரண்டிக்கு ஒன்று வீதம் உப்பு கலந்து, மெல்லிய துணியில் கிழியாக முடிந்து கொண்டுவந்தாள். நனைத்துப் பிழிந்தால் துணி வழியாகப் பால் மாதிரி வழியும். அதை வைத்துத் தேய்த்தால் தோலும் உரியும், தரையில் ஒரு துகளும் விழாது. தேய்த்து முடித்தபின் கிழியை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போய்விடுவாள். ரிம்மா அவள் போன பின்னால் ஓட்டை மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் கூட அவளுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஈஸ்டர் வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமைக்கு எங்கள் வீடுகளில் உப்பு வறுப்போம். கல்லுப்பை நனைத்த கருப்பு ரொட்டியோடு பிசைந்து, துணியில் கட்டி, அடுப்புத் தணலில் வைத்துக் கரியாகும் வரை சுட்டு, இடித்து வைப்போம். ஈஸ்டர் ரொட்டியோடு அதையும் கோவிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வாங்கி வருவோம். முட்டைக்குத் தொட்டுக்கொள்வது அதுதான். மிச்சத்தைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்து, வருஷம் முழுக்க நோய்க்கும் நொடிக்கும் ஒரு சிட்டிகை எடுப்போம்.

ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை, கல் பெஞ்சில் தகரத் தொட்டியை வைத்துக்கொண்டு தைசியா கிழியைப் பிழிந்தாள். காலில் கருப்பாகத் தண்ணீர் ஓடியது. நான் அவளுக்கு எதிரே இருந்தேன். ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், ரிம்மா ஏற்கனவே கிழியைப் பிடுங்கி முடிச்சை அவிழ்த்துவிட்டாள். அவள் காப்பி என்றுதான் நினைத்தாள். முகர்ந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நேராக என்னிடம் வந்தாள். கோவிலில் மெழுகுவர்த்தி விற்கிறவள் நான், எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருப்பாள். என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்தாள்.

"இது என்னன்னு வாய வச்சுப் பாத்துச் சொல்லு."

நாக்கில் வைத்தேன். கரிந்த ரொட்டி, சாம்பல், உப்பு. ஈஸ்டர் வாரத்தில் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமை உப்பு என்றேன்.

குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். தபால் நிலையத்து ஃபைனாதான் முதலில் எழுந்தாள். மந்திரித்த உப்பைக் காலில் தேய்த்துச் சாக்கடையில் விடுகிறாயா, ஈஸ்டர் முட்டை உரித்த கை இதற்கு எப்படித் துணிந்தது என்று ஆரம்பித்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக. சாபம் என்றாள் ஒருத்தி. இந்த வருஷம் உருளைக்கிழங்கு அழுகினால் காரணம் இவள்தான் என்றாள் இன்னொருத்தி. தைசியா நுரையோடு எழுந்து நின்றாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ஃபைனா, போன வருஷம் உன் மாட்டுக்கு மடி வீங்கிச்சே, அப்ப என்னத்தத் தேச்ச?"

ஃபைனா துண்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

"இதே உப்பத்தானே தேச்ச. ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சியே. மாட்டு மடியில தேச்சா புண்ணியம், என் காலுல தேச்சா பாவமா? நான் மாட்டவிடக் கேவலமாப் போயிட்டேனா?"

"மாடு பால் குடுக்குது," என்றாள் ஃபைனா. "நீ என்னத்தக் குடுக்குற?"

யாரோ சிரித்தார்கள். ரிம்மா சிரிக்கவில்லை. ஆறு வருஷமாகக் காத்திருந்தது கையில் கிடைத்தவள் எப்படிச் சிரிப்பாள்? அடுத்த வாரத்திலிருந்து தைசியாவுக்குச் சன்னல் கிடையாது என்றாள். கையை நீட்டினால் விரல் மேலேயே சாத்துவேன் என்றாள். வேண்டாம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சொன்னபடியே செய்தாள். அடுத்த சனிக்கிழமை தைசியா வந்தாள், சன்னல் சாத்திக்கொண்டது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. நுழைவுக் கூடத்துப் பெஞ்சில், தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கூடம் மூடுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். வரிசையில் போகிற ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அந்த இரண்டு வாரமும் கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி, சமையலறையில் பேசினில் நின்று துடைத்துக்கொண்டாளாம். சொறிந்து சொறிந்து காலுறையில் ரத்தம் தெரிந்தது. நான் குனிந்துகொண்டு அவளைத் தாண்டிப் போனேன். ஆவி அறையில் உட்கார்ந்தால் ஜெபம் வரவில்லை. உண்மையைத்தான் சொன்னோம், பின்னே ஏன் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தேன்.

கடைசியில் பாதிரியார் நிக்கானிடம் போனேன். தேனீப் பெட்டிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். நடந்ததெல்லாம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். தேய்த்த தண்ணீர் எங்கே போயிற்று? சாக்கடைக்கு என்றேன். தேய்த்தது குற்றமில்லை, உடம்பும் ஆண்டவர் கொடுத்ததுதான், மந்திரித்தது அழுக்கில் போனதுதான் தவறு, மண்ணில் ஊற்றச் சொல் என்றார். மறுபடி பெயின்டில் தூரிகையைத் தோய்த்தார்.

நேராகத் தைசியா வீட்டுக்கு ஓடினேன். கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள்.

"இதக் கேட்டுட்டு வர உனக்கு ரெண்டு வாரம் ஆச்சா, மெழுகுவத்தி?"

கதவு சாத்திக்கொண்டது.

மூன்றாவது சனிக்கிழமை அவள் ஒரு பெரிய துத்தநாகத் தொட்டியும் இரண்டு வாளியும் கொண்டுவந்தாள். வரிசையில் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, பாதிரியார் சொன்னதை எல்லார் முன்னாலும் சொல்லு என்று என் கையைப் பிடித்தாள். அந்தக் கை அரத்தால் ராவின மாதிரி இருந்தது. சொன்னேன். ரிம்மா சன்னலுக்குள்ளேயிருந்து, இது நகராட்சிக் கட்டடம், பாதிரியார் வீட்டுப் பின்கட்டு இல்லை என்றாள். உள்ளேயிருந்து தொட்டித் தண்ணீரை யார் வெளியே தூக்குவது, என் தரை என்ன ஆவது என்று கேட்டாள்.

அப்போது ஃபைனா வாயைத் திறந்தாள். தைசியாவுக்காக இல்லை. பாவம் பாவம் என்று ஊரைக் கூட்டியவள், பாதிரியார் வழி சொன்ன பிறகு அதைத் தடுத்தால் தன் பேச்சு என்னவாகும் என்று பயந்திருப்பாள்.

"டிக்கெட்டக் குடு, ரிம்மா. மண்ணுல ஊத்துறாளான்னு நாங்க நின்னு பாக்குறோம்."

வரிசை முழுக்க அதையே சொன்னது. ரிம்மா டிக்கெட்டைக் கிழித்த கிழிப்பில் பாதிச் சீட்டு கையோடு வந்துவிட்டது. ஒரு நிபந்தனை வைத்தாள். தண்ணீரை அவளே தூக்க வேண்டும், குளிக்க வந்த எவளும் கை கொடுக்கக் கூடாது, கூடத்தில் ஒரு சொட்டு விழக் கூடாது.

தைசியா தொட்டிக்குள் நின்று தேய்த்தாள், தொட்டிக்குள்ளேயே கழுவினாள். கருந்தண்ணீரை வாளிகளில் மொண்டு, ஈரத் தலைக்குத் துண்டைச் சுற்றி, கம்பளி அங்கியைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நுழைவுக் கூடத்தில் பெண்டாட்டிமாரைக் கூட்டிப்போக வந்த ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். வாசல் கதவுக்குக் கெட்டியான ஸ்பிரிங். இரண்டு கையிலும் வாளி. கதவின் முன்னால் போய் அப்படியே நின்றுவிட்டாள்.

"கதவு," என்றாள்.

ரிம்மா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அசையவில்லை. ஆண்களில் ஒருவர் எழுந்தார். தைசியா அவரை உட்காரச் சொன்னாள்.

"எவளும் கை கொடுக்கக் கூடாதுன்னு அம்மணி உத்தரவு போட்டிருக்கா. எவனுக்கும் அதேதான். கதவு நகராட்சியோடது. சாவி வச்சிருக்கவதான் திறக்கணும்."

வாளி நிறையத் தண்ணீர். அவள் கீழே இறக்கிவைக்கவில்லை. தரைக்கு மேலே வாளி விளிம்பில் தண்ணீர் தளும்பியது. ரிம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து கதவை இழுத்துப் பிடித்தாள். தைசியா வெளியே போய் ரோவன் மரத்தடியில் ஊற்றினாள். நாலு நடை நடந்தாள். நாலு தடவையும் ரிம்மா கதவைப் பிடித்தாள். ஃபைனாவும் இன்னும் இரண்டு பேரும் குளிரில் நின்று, தண்ணீர் மண்ணில்தான் போகிறது என்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு வீட்டில் வறுக்கிற வியாழக்கிழமை உப்பு இரண்டு கைப்பிடிக்கு மேல் வராது, அவள் தேய்க்கிற வேகத்துக்கு ஏழாம் வாரத்துப் பெந்தெகொஸ்தே வரைக்கும் தாங்கினாலே பெரிது. தைசியாவின் கிழி இன்னும் கருப்பாகத்தான் இருக்கிறது. சாதா உப்பைக் கருப்பு ரொட்டியோடு எந்த நாளும் வறுக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். அது சாதா உப்பென்றால் தண்ணீரை ஓட்டையிலேயே விட்டுவிடலாம், ரிம்மா கதவு பிடிக்க வேண்டியதில்லை. இன்னுமா தீரவில்லை என்று ஃபைனா கேட்டதற்கு, பாதிரியாரைக் கூட்டிவந்து கேட்கச் சொன்னாளாம். ரிம்மா போன மாதம் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக் கோவிலுக்கே என்னிடம் கொண்டுவந்தாள், மந்திரித்ததா இல்லையா என்று சொல்லச் சொன்னாள். நாக்குக்கு அது தெரியாது என்று சொல்லி, பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தெரிந்திருந்தாலும் இந்தத் தடவை சொல்லியிருக்க மாட்டேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

மந்திரித்ததாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று யாருக்கும் அவளைத் தடுக்கத் துணிச்சல் இல்லை. ஆகவே சன்னல் திறக்கிறது, டிக்கெட் கிழிகிறது. கால் தேறிற்றா என்று நான் கேட்டதற்கு, உன் காலா என்றாள் தைசியா. அவளும் ரிம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இப்போது காற்று குளிர்ந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ரிம்மா, காத்து உள்ளே வருது, சீக்கிரம் போ என்று கத்துகிறாள். தைசியா இன்னும் மெதுவாக நடக்கிறாள்.