மூன்று இலைத் துளிர்

நாற்றுக்காரர் நிக்கானோர் லெதெஸ்மாவின் ஒட்டுக்கத்தி பட்ட செடி பட்டுப்போகாது என்று துக்குமான் மலையடிவாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் பேச்சை மாற்றப் பார்ப்பார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஏச்சுக்கு மட்டுமல்ல, புகழ்ச்சிக்கும் அதே கதிதான்.

யுரேகா என்கிற எலுமிச்சை ரகத்தைக் காட்டு எலுமிச்சை வேரில் ஒட்டினால் ஒரு தலைமுறைக்கு நிற்கும். மூவிலை ஆரஞ்சின் வேரில் ஒட்டினால் ஒட்டவே ஒட்டாது என்றால்கூடப் பரவாயில்லை, ஆள் சுதாரித்துக்கொள்ளலாம். பாழாய்ப்போனது நன்றாக ஒட்டும். ஆறேழு வருஷம் கண்ணைப் பறிக்கிற மாதிரி காய்க்கும். அப்புறம் ஒட்டின இடத்தில், பட்டைக்கு அடியில், பழுப்பாக ஒரு கோடு விழும். மேலே இருக்கிற சத்து கீழே இறங்காது. வேர் பட்டினி கிடந்து, மரம் நின்றவாக்கில் சாகும். அந்த வட்டாரத்தில் நாற்று விற்கிற எவனுக்கும் இது தெரியும். நிக்கானோருக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்துதான் செய்தார். புருஷனைப் பறிகொடுத்துக் கைக்குழந்தையோடு நின்ற பெத்ரோனா ஹுவாரெஸ் அவரிடம் அறுபது யுரேகா கன்று சொல்லிவைத்திருந்தாள். அங்கே ஜூலைதான் நடுக்குளிர்காலம்; அந்த வருஷம் விழுந்த உறைபனி அவருடைய காட்டு எலுமிச்சைப் பாத்தியை அப்படியே கருக்கிவிட்டது. ஆரஞ்சுக்கென்று வளர்த்த மூவிலை நாற்றுகள் மட்டும் முள்ளும் தானுமாகப் பிழைத்து நின்றன. இன்னும் ஒரு வருஷம் பொறு என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்ன சொல் தவறாதவர் என்ற பெயர் போய்விடுமே என்று கத்தியை எடுத்தார். ஒட்டின மொட்டு பிடித்து, நாற்றின் தலையை வெட்டிவிட்டால், கீழே இருப்பது எந்த வேர் என்று கடவுளுக்கும் கத்தி பிடித்தவனுக்கும்தான் தெரியும்.

ஆனால் வேர் சும்மா கிடக்காது. வசந்தம் பிறந்தால் ஒட்டுக்குக் கீழே துளிர் விடும். அது மூன்று மூன்று இலையாக விரியும். எலுமிச்சை வளர்க்கிற ஊரில் சின்னப்பிள்ளைகூட அதைப் பார்த்துச் சொல்லிவிடும். அதனால் செப்டம்பர் வந்தால் நிக்கானோர் பெத்ரோனாவின் தோட்டத்துக்கு நடப்பார். அறுபது மரத்துக்கும் குனிந்து, துளிரைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். தரையில் ஒன்றைக்கூட விடமாட்டார்.

பெத்ரோனா அதைப் பார்த்து உருகிப்போனாள். வித்த கன்றைத் திரும்பிப் பார்க்கிற மனுஷன் இவர் ஒருத்தர்தான் என்று கோயில் வாசலில் நின்று சொன்னாள். அவர் வருகிற அன்றைக்குக் கறி பொதிந்த எம்பனாடாப் பணியாரம் சுட்டு வைத்தாள். முதல் வருஷமே குழந்தை அசுசேனாவின் ஞானஸ்நானத்துக்கு அவரை ஞானத்தகப்பனாக நிற்கச் சொன்னாள். மறுக்க அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை, இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் அவர், ஐயா என்கிற மாதிரி மரியாதையாக, தோன் நிக்கானோர்; அன்றிலிருந்து பெத்ரோனாவுக்கு மட்டும் கொம்பாத்ரே. பிள்ளையின் ஞானத்தகப்பனைப் பெற்றவர்கள் அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேலே வைத்து.

ஏழாவது செப்டம்பரில் பெத்ரோனா அவரை வேலியோரம் கூட்டிக்கொண்டு போனாள்.

"கொம்பாத்ரே, இந்த ஒண்ணு மட்டும் மஞ்சளடிக்குது. தண்ணி பத்தலையா?"

அவர் மண்டியிட்டு, ஒட்டுப்பக்கம் பட்டையைக் கத்தி முனையால் நெம்பினார். பழுப்புக் கோடு சுற்றிலும் ஓடியிருந்தது. நெம்பின பட்டையை அவசரமாகக் கட்டைவிரலால் அழுத்தி மூடினார்.

"எறும்பா இருக்கும்," என்றார்.

"எறும்புதானா? நான் பயந்தே போயிட்டேன். அந்தப் பக்கத்து நிலத்தையும் வாங்கியாச்சு. இன்னும் அம்பது கன்னு வேணும். இதே மாதிரி, இதே வேர்ல. நம்ம அசுசேனாவுக்கு."

அன்றைக்கு எம்பனாடாவைத் தொடாமலே கிளம்பினார். நான் மனுஷன்தானா என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டு வீடு போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறையக் காட்டு எலுமிச்சை நாற்றோடு வந்து நின்றார். இரண்டு வருஷமாக யாருக்கென்று சொல்லாமல் வளர்த்தவை.

"என்ன இது கொம்பாத்ரே? நான் கேட்டது ஒட்டுக்கன்னு."

"இது இருக்கிற மரத்துக்கு. பக்கத்துல நட்டு, நாத்தோட தலையைச் சீவி, மரத்துல ஒட்டுக்கு மேல பட்டைக்குள்ள சொருகணும். புது வேர்ல மரம் பிழைச்சுக்கும்."

"பிழைக்கணுமா? அதுக்கு என்ன கேடு?"

சொன்னார். பனியில் தொடங்கி எறும்பு வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவளுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெத்ரோனா வேலியோரத்து மரத்தடியில் குனிந்து ஒட்டுப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"வருஷா வருஷம் வந்து குனிஞ்சு குனிஞ்சு கிள்ளினீங்களே. அது இதுக்குத்தானா?"

"ஆமா."

"கிள்ளிட்டு, நான் சுட்ட எம்பனாடாவையும் தின்னீங்க."

"தின்னேன்."

"எத்தனை மரம் தப்பும்?"

"பாதிக்கு மேல தப்பும். இந்த வேலியோரத்து மரம் போயிடும். போன வருஷமே சொல்லியிருந்தா இதுவும் தப்பியிருக்கும்."

அவள் கொட்டகைக்குள் போய் மண்வெட்டியை எடுத்துவந்து அவர் காலடியில் போட்டாள்.

வெயில் சாயும்வரை நட்டார், சீவினார், சொருகினார், கட்டினார். துளிர்களைக் கிள்ளவில்லை. மூன்று மூன்று இலையாக எல்லார் கண்ணிலும் படும்படி விட்டுவிட்டார். இருபதாவது மரத்தருகே முதுகு நிமிராமல் அவர் உட்கார்ந்தபோது பெத்ரோனா செம்பில் தண்ணீரோடு வந்து சற்றுத் தள்ளியே நின்றாள்.

"தண்ணி வேணுமா, தோன் நிக்கானோர்?"

ஊரே கூப்பிடுகிற பெயர்தான். ஏழு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அது வந்ததில்லை.

"வேண்டாம்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்கு எழுந்தார்.