இரண்டு மஞ்சள் புள்ளிகள்

அந்தக் கடைத்தெருவில் பைக் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். பெயரைக் கேட்டால் மட்டும் முழிப்பார்கள். புள்ளிக்காரர் என்றால் கை நீட்டிக் கடையைக் காட்டிவிடுவார்கள். பைக்கில் எந்தப் பாகத்தை மாட்டினாலும், போல்ட்டை முறுக்கி முடித்த கையோடு அதன் தலையில் மஞ்சள் நெயில் பாலிஷால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். புள்ளி இருந்தால் முறுக்கியாயிற்று, இல்லையென்றால் இன்னும் இல்லை. "ஊர்லயே பெரிய புள்ளின்னா நம்ம அண்ணன்தான்" என்று பக்கத்து டயர்க்கடைக்காரர் வாரும்போது இவரும் சேர்ந்து சிரிப்பார்.

"ஊர்ல இருக்கிற புருஷனெல்லாம் பொண்டாட்டிக்கு நெயில் பாலிஷ் வாங்கித் தர்றான். இந்த மனுஷன் என்கிட்ட இருக்கிறதையும் தூக்கிட்டுப் போய் போல்ட்டுக்குப் பூசுறாரு" என்பது அவர் மனைவியின் நிரந்தரப் புகார். கடையின் முன்பாதி அவள் ராஜ்யம். ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, முழங்கால் காப்பு எல்லாம் அங்கே. பின்பாதியில், எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரையில், இருபத்திரண்டு வருடமாகக் குந்தியபடி இவர்.

அதற்கு முன்னால் வேறொருவர் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே சரிசெய்து போன ஒரு வண்டியின் பின்சக்கர நட் வழியில் கழன்று, ஓட்டிப் போனவருக்கு இடுப்பெலும்பு உடைந்தது. நட்டை முறுக்கியது யார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இவர் வாயில்லாப் பூச்சி. பழி இவர் தலையில் வந்து விடிந்தது. அந்த வண்டியைத் தொடவே இல்லை என்று காட்ட இவரிடம் ஒன்றும் இல்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சொந்தக் கடை போட்ட அன்றே புள்ளி வைக்க ஆரம்பித்துவிட்டார். உள்ளதைச் சொன்னால், அது வண்டி ஓட்டுகிறவரைக் காப்பாற்ற வந்த புள்ளி இல்லை, இவரைக் காப்பாற்றிக்கொள்ள வந்தது. நாளாக நாளாக அது அவருக்கே மறந்து, வெறும் பெருமை மட்டும் மிஞ்சியது.

"அண்ணே, புள்ளி வேணாம், கோடு போடுங்க. போல்ட் தலையிலேர்ந்து பக்கத்து இரும்பு வரைக்கும் இழுத்து விடுங்க. லேசாத் திரும்பினாக்கூட கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்துடும்" என்று டயர்க்கடைக்காரர் பல தடவை சொல்லியிருக்கிறார்.

"நான் முறுக்கினது எதுக்குய்யா திரும்பப் போகுது?" என்பார் இவர்.

அன்று மதியம் வந்தவள் ஒரு சர்வேயர். முப்பது வயதிருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கு மாற்றலாகியிருந்தது. மறுநாள் காலை வேலையில் சேர வேண்டும். முன்சக்கரத் தட்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற காலிப்பர் துருவேறி இறுகிப் போயிருந்தது. அதைப் புதிதாக மாற்ற வேண்டும். வண்டி சாய்ந்தால் அடி தாங்குகிற கிராஷ் கார்டு, பின்னால் வருவதைப் பார்க்கப் புதுக் கண்ணாடிகள் வேண்டும். அவளுக்கு ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் வேண்டும்.

"எனக்கு மீடியம் சைஸ் போதும்" என்று அவள் ஒரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக் காட்டினாள். ஹெல்மெட்டும் தனியாக ஆடியது. பின்பாதியில் இருந்தவருக்குப் பொறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஆடுச்சுன்னா அது ஹெல்மெட் இல்லம்மா, குடம். கன்னம் பிதுங்கணும். ஒரு அளவு சின்னதாப் போடுங்க." அவளைக் குனியச் சொல்லி, பின்பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கிக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. "ம், இதான். இதைப் போட்டுட்டா வெளியே இடி விழுந்தாக்கூட உள்ளே கேக்காது."

ஜாக்கெட்டை நின்றபடி போட்டுப் பார்க்கவே விடமாட்டார். வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில் பாரைப் பிடிக்க வேண்டும். கை மடங்கிய பிறகும் முழங்கைக் காப்பு முழங்கையிலேயே இருந்தால்தான் சம்மதிப்பார். ஹேண்டிலில் போன் வைக்க ஒரு பிடிப்பான் கேட்டாள். அதற்கும் ஒரு பாட்டு விட்டார். "மலையில வளைவைப் பாப்பீங்களா, போனைப் பாப்பீங்களா? தோள்பைக்குள்ள போட்டுடுங்க." பெரிய கண்ணாடி வேண்டாம், வண்டிக்கு எடுப்பாகச் சின்னது போதும் என்று அவள் அடம் பிடித்ததில் மட்டும் இவர் விட்டுக்கொடுத்தார்.

தப்பு இதற்கு நடுவில்தான் நடந்தது. காலிப்பருக்கு இரண்டே போல்ட். அவற்றைச் சாதா ஸ்பேனரால் முறுக்க மாட்டார். அளவாக இறுகியதும் 'டிக்' என்று சத்தம் போடுகிற டார்க் ரெஞ்ச் ஒன்று வைத்திருந்தார். அன்று காலையில் அதை டயர்க்கடைக்காரர் இரவல் வாங்கிப் போயிருந்தார். சரி, வரட்டும் என்று இரண்டு போல்ட்டையும் விரலால் திருகி விட்டுவிட்டு, கிராஷ் கார்டையும் கண்ணாடிகளையும் மாட்டி, ஒவ்வொன்றாக முறுக்கிப் புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். பாட்டிலில் பாலிஷ் அடிமட்டத்தில் இருந்தது. திறந்து வைத்தால் காய்ந்துவிடும். தூரிகையில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. காலிப்பர் போல்ட் இரண்டுக்கும் சேர்த்து வைத்துவிட்டார். ரெஞ்ச் வந்ததும் ஒரு நிமிஷ வேலைதானே. இப்படி முன்கூட்டிப் புள்ளி வைப்பது இதுதான் முதல் தடவை என்றால் பொய். இதற்கு முன்னால் நாலைந்து தடவை வைத்திருக்கிறார், மறக்காமல் முறுக்கியும் இருக்கிறார்.

"இங்க கொஞ்சம் வாங்க, கையுறை சரியா இருக்கான்னு நீங்களே சொல்லுங்க" என்று மனைவி கூப்பிட்டாள். கையுறையில் அரை மணி நேரம் போனது. திரும்பி வந்தபோது வண்டியில் அன்று மாட்டிய பன்னிரண்டு போல்ட்டும் மஞ்சளாக இருந்தன. மஞ்சளைப் பார்த்தால் வேலை முடிந்தது என்று இருபத்திரண்டு வருடமாகப் பழகிய கண். பிரேக்கை நாலு தடவை பிடித்து விட்டு, வண்டியை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தார். கவ்வியது. "எடுத்துட்டுப் போங்கம்மா, எல்லாம் பக்கா. மஞ்சள் இருந்தா முறுக்கியாச்சுன்னு அர்த்தம்" என்றார்.

அவள் போய் முக்கால் மணி நேரம் கழித்து டயர்க்கடைக்காரர் ரெஞ்சோடு வந்தார். "மன்னிச்சுக்குங்கண்ணே, காலைல வாங்கினது. கையோட கொண்டு வந்து கொடுக்கணும்னு நெனச்சு மறந்தே போச்சு."

வாங்கி ஆணியில் மாட்டப் போனவர் நின்றார்.

"இது காலைலேர்ந்து உன்கிட்டயா இருந்துச்சு?"

"ஆமாண்ணே. ஏன்?"

"அந்தப் பொண்ணு நம்பரைப் போடு, சீக்கிரம்" என்று மனைவியிடம் கத்தினார். அவளிடம் இந்தக் குரலில் அவர் பேசியதே கிடையாது. அவள் ரசீதைத் தேடி எடுத்து நம்பரைப் போட்டாள். மணி போனது. மறுபடி போட்டாள், மறுபடி மணி போனது. "எடுக்கலைங்க" என்றாள். எப்படி எடுப்பாள்? போன் தோள்பைக்குள் இருக்கிறது. வைக்கச் சொன்னவர் இவர்தான்.

ரெஞ்ச், சாக்கெட் ஒன்று, ஸ்பேனர் இரண்டு, புது போல்ட் இரண்டு. எல்லாவற்றையும் சட்டைக்குள்ளும் பைக்குள்ளும் திணித்துக்கொண்டு கடையின் பழைய வண்டியை உதைத்தார். மனைவி ஓடி வந்து கைக்குக் கிடைத்த ஹெல்மெட்டை அவர் தலையில் கவிழ்த்தாள். "என்னங்க ஆச்சு?" என்று கேட்டதற்கு, "முறுக்கல" என்று மட்டும் சொன்னார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

மலையடிவாரம் இருபது கிலோமீட்டர். அதற்குமேல் ஏற்றம், உச்சியில் ஒரு கணவாய், அதைத் தாண்டினால் அந்த ஊர்வரை இறக்கம். ஏற்றத்தில் பிரேக்குக்கு அதிக வேலை இருக்காது என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது. இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பிடித்தாக வேண்டும். ஒரு போல்ட் விழுந்தால் போதும், காலிப்பர் சாய்ந்து சக்கரத்துக்குள் மாட்டும். முன்சக்கரம் நின்றுவிடும், ஆள் நிற்க முடியாது. அவள் கணவாயைத் தாண்டுவதற்குள் பிடித்தாக வேண்டும்.

ஊர் எல்லையில் சிக்னல் சிவப்பாக விழுந்தது. முன்னால் லாரி, பக்கத்தில் பஸ், எலி நுழையவும் இடம் இல்லை. அங்கே நின்றபோதுதான் அந்த நினைப்பு வந்தது. என்ன ஆனாலும் போல்ட்டில் மஞ்சள் இருக்கும். யாரும் நம்மைக் கேட்க முடியாது. முறுக்கிக் கொடுத்ததற்குப் புள்ளியே சாட்சி. வந்த வேகத்தில் அந்த நினைப்பு போயும்விட்டது. ஆனால் வந்தது வந்ததுதான். 'த்தூ, நீயெல்லாம் ஒரு மனுஷனா' என்று ஹெல்மெட்டுக்குள் தன்னையே திட்டிக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. விளக்கு பச்சையாக மாறுவதற்குள் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நுழைந்துவிட்டார்.

அடிவாரச் சோதனைச்சாவடியில் இருந்த காவலரிடம் கேட்டார். "கறுப்பு ஜாக்கெட், வெள்ளை ஹெல்மெட், ஒரு பொம்பளப் பிள்ளை போச்சுங்களா?"

"போச்சு. இங்க நின்னு தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுக் கிளம்புச்சு. பதினஞ்சு நிமிஷம் இருக்கும். ஏன், உங்க மகளா?"

வண்டியை முறுக்கினார். பழைய வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. ஒவ்வொரு வளைவிலும் முதலில் அவர் பார்த்தது சாலையை இல்லை, ஓரத்துத் தடுப்புச்சுவரை. எங்கேயாவது உடைந்திருக்கிறதா, யாராவது கூட்டமாக நிற்கிறார்களா என்று பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. "மெதுவாப் போம்மா. பிரேக்கைப் பிடிக்காதம்மா. எங்கயாவது நில்லும்மா" என்று வாய் தன்பாட்டுக்குப் புலம்பிக்கொண்டே வந்தது.

பாதிக்கு மேல் ஏறியபோது அவள் தெரிந்தாள். நாலு வளைவுக்கு மேலே, வெள்ளை ஹெல்மெட், நிதானமாகப் போய்க்கொண்டிருந்தாள். இவர் ஹாரனை அழுத்திய விரலை எடுக்கவில்லை. எதிரே வந்த கார்க்காரர் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போனார். அவள் திரும்பவில்லை. இடி விழுந்தாலும் கேட்காத ஹெல்மெட். பின்னால் வருகிறவனைக் காட்டாத சின்னக் கண்ணாடி. எல்லாம் இந்தக் கையால் பார்த்துப் பார்த்து மாட்டி அனுப்பியது. அடுத்த வளைவில் அவள் மறைந்தாள்.

கணவாய் வந்தது. அவள் இல்லை. சாலை அந்தப் பக்கம் சரிந்து இறங்கியது. முதல் வளைவில் ஒன்றும் இல்லை. இரண்டாவது வளைவில் தடுப்புச்சுவர் ஓரமாக வண்டி நின்றது, ஸ்டாண்டு போட்டு. சுவர்மேல் ஹெல்மெட் இருந்தது, கையுறைகள் இருந்தன. ஆள் இல்லை. அந்த ஒரு கணம் அவருக்கு உயிரே போய்விட்டது.

"அண்ணே?"

வண்டிக்கு அந்தப் பக்கம் முன்சக்கரத்தின் அருகே குந்தியிருந்தவள் எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. "நீங்க எங்க இங்க? இதைப் பாருங்கண்ணே."

காலிப்பர் சாய்ந்து தொங்கியது. கீழ் போல்ட்டைக் காணோம். மேல் போல்ட் மூன்று மரையில் தொங்கிக்கொண்டிருந்தது, தலையில் மஞ்சளோடு. அவர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏறும்போதே டக் டக்னு சத்தம் கேட்டுச்சுண்ணே" என்றாள் அவள். "நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். அப்போ ரெண்டு போல்ட்டும் இருந்துச்சு, ரெண்டுலயும் மஞ்சள் இருந்துச்சு. நீங்க முறுக்கினதாச்சே, வேற எதோ சத்தம்னு நெனச்சு மறுபடி ஏறிட்டேன். இப்போ இறக்கத்துல பிரேக்கைப் பிடிச்சதும் சக்கரம் இழுக்குது. தள்ளாடிப் போய் இந்தச் சுவர் ஓரமா நிறுத்தினேன்."

தேடி வந்த காரணத்தை மாற்றிச் சொல்ல இன்னும் வழி இருந்தது. அவர் சொல்லவில்லை.

"நான் முறுக்கலம்மா."

"என்னண்ணே?"

"அந்த ரெண்டையும் நான் முறுக்கவே இல்ல. பாலிஷ் காயுதேன்னு முன்னாடியே புள்ளியை வச்சுட்டேன். அப்புறம் மறந்துட்டேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சுவரில் சாய்ந்து நின்று பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் புது போல்ட் இரண்டையும் மாட்டினார். அதில் ஒன்று கை நழுவி இரண்டு தடவை கீழே விழுந்தது. ரெஞ்சை வைத்து முறுக்கினார். டிக். அடுத்தது. டிக். பிறகு ரெஞ்சை அவளிடமே நீட்டினார். அவளும் இரண்டையும் ஒரு தடவை முறுக்கிப் பார்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"பாலிஷ் கொண்டு வரல. இனிமே கோடுதான் போடணும்" என்றார், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே.

அவள் ரெஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கிராஷ் கார்டில் ஆறு புள்ளி, கண்ணாடிகளில் நாலு. எல்லாம் பளிச்சென்று இருந்தன. கிராஷ் கார்டின் முதல் போல்ட்டில் விரலை வைத்தாள்.

"அண்ணே, இது?"

அது முறுக்கியதுதான். நன்றாக ஞாபகம் இருந்தது. பத்தையும் முறுக்கிய பிறகுதான் புள்ளி வைத்தார். ஆனால் ஆமாம் என்று சொல்ல அவருக்கு வாய் எழவில்லை. பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவள் விரல் வைத்த இடத்தில் மண்டியிட்டார்.