சமதரையில் நின்ற வேன்

சென்ற வருடம் மழை பிடித்துக்கொண்ட மாதத்தில், தலவாக்கலைக்குச் சற்று முன்னால், நீர்த்தேக்கத்தை ஒட்டிய சமமான ரோட்டில் நடந்த சம்பவம் இது.

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன் நான். பெண் வேன் ஓட்டுகிறாளா என்று ஆரம்பத்தில் வேடிக்கை பார்த்தவர்கள், இப்போது டவுனுக்குப் போக ஓசியில் ஏறிக்கொள்கிறார்கள். வேன் என் மாமனார் வாங்கியது. வயதில் என்னைவிட மூத்தது. பிடிவாதத்தில் மட்டும் என்னைவிடக் கொஞ்சம் குறைவு.

அதற்கு ஒரு வியாதி இருந்தது. சாவியைத் திருப்பினால் சில நாள் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். சில நாள் ஸ்டார்ட்டர் மட்டும் விர்ரென்று சும்மா சுற்றும், எஞ்சின் அசையாது. இன்னும் சில நாள் இரும்பு அரைபடும் சத்தம் கேட்டு நம் பல் கூசும். ஸ்டார்ட்டரைக் கழற்றி டவுனில் கொடுத்துப் புதிதாகப் பல்சக்கரம் போட்டேன். கடையில் மேசைமேல் வைத்துக் காட்டியபோது ஜோராகச் சுற்றியது. வண்டியில் மாட்டினேன். பழைய குருடி கதைதான்.

ஆனாலும் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் நிழலைத் தேட மாட்டார்கள், இறக்கத்தைத்தான் தேடுவார்கள். மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, டயருக்குக் கல் வைத்துவிட்டுப் போவோம். திரும்பி வந்து கல்லை எடுத்து, உருளவிட்டு, கிளச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கொழும்பில் வேலை செய்யும் என் வீட்டுக்காரரும் ஃபோனில் இதே வைத்தியத்தைத்தான் சொன்னார். "பள்ளத்துல நிப்பாட்டு, ஒண்ணும் ஆகாது." நானும் அப்படியே காலத்தை ஓட்டினேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எதிர் வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். கொழுந்து எடுப்பவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எதிரே வருகிற ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். கூடையில் முத்தல் இலை கிடக்கிறது என்று கங்காணியிடம் தினமும் திட்டு. நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்து, போன இடத்தில் சுகர் கூடிவிட்டது என்று ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வாயைக் கட்டி, சீனி போடாத தேத்தண்ணீரைக் குடித்துக் காத்திருந்து வாங்கிய நாளில்தான் இந்தச் சம்பவம். தவறினால் மறுபடியும் எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது. அவர் மகள் வெளிநாட்டில் இருப்பதால் துணைக்கு நான்தான்; அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்திருந்தேன்.

விடியற்காலையில் கல்லை எடுத்து உருட்டிக் கிளம்பினோம். ஹட்டன் தாண்டும்வரை தொல்லையில்லை. வெறும் வயிறும் வளைவுகளும் சேர்ந்து அக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சரியாக அந்தச் சமதரையில்தான் நிறுத்த வேண்டியதாயிற்று. "பொகை உள்ள வருது புள்ள, அணைச்சிரு" என்றார். வாந்தி எடுக்கிறவரிடம் வாதாட முடியுமா? அணைத்துவிட்டேன்.

அவர் வாய் கொப்பளித்து ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் திருப்பினேன். விர்ர்ர். மறுபடியும் திருப்பினேன். விர்ர்ர்.

"எனக்குத்தான் கண்ணு தெரியல. ஒன் வண்டிக்கு என்ன வந்துச்சு?" என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்தில் ஒரு தேத்தண்ணீர்க் கடை. கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்கள் பேச்சில் நானா, குடையோடு ஓடிவந்தார். "என்ன தங்கச்சி, வண்டி கரச்சல் குடுக்குதா?" கடையில் இருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு தள்ளினார். மழையில் நனைந்த ரோடு, கனமான டீசல் வேன். கிளச்சை விட்டதும் டயர் வழுக்கி அப்படியே நின்றுவிட்டது. வந்த பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. நானா தெரிந்த ஆட்டோக்காரருக்கு ஃபோன் போட்டார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் வர முடியும் என்று பதில் வந்தது. அதுவரை காத்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போக முடியாது.

அங்கேதான் எனக்கு ஒரு வெறி வந்தது. இன்றைக்கு இதன் வியாதியைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.

லைட் பளிச்சென்று எரிந்தது, ஹார்ன் ஊரைக் கூட்டியது. ஆக, பேட்டரியில் குறையில்லை. ஸ்டார்ட்டரும் சுற்றுகிறது. அதன் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் முன்னால் வந்து, எஞ்சினோடு சேர்ந்த பெரிய சக்கரத்தின் பல்லில் மாட்டி அதைச் சுற்ற வேண்டும். அந்தப் பெரிய சக்கரத்தை ஃப்ளைவீல் என்பார்கள். மாட்டுகிற இடத்தில்தான் கோளாறு. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, சாக்கை விரித்து வேனுக்கு அடியில் படுத்தேன். மழைத் தண்ணீர் முதுகுக்குக் கீழே ஓடியது. திட்டிக்கொண்டே போல்ட்டுகளைக் கழற்றி ஸ்டார்ட்டரை வெளியே எடுத்தேன். சின்னச் சக்கரத்தின் பற்கள் புதிதாக, கூர்மையாக இருந்தன. இழுத்துப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு வந்து போனது. அதில் ஒரு குறையும் இல்லை.

மிச்சம் இருந்தது ஸ்டார்ட்டர் உட்கார்ந்திருந்த அந்த ஓட்டை. உள்ளே கும்மிருட்டு. டார்ச்சை வைத்தால் தலை போகவில்லை, தலையை வைத்தால் டார்ச் போகவில்லை. "ஒரு எழவும் தெரியலையே!" என்று கத்தினேன்.

மேலே இருந்து அக்காவின் குரல் வந்தது. "தெரியலன்னா வெரல விட்டுத் தடவிப் பாரேன் புள்ள. நான் இப்ப கொழுந்தயே அப்படித்தானே எடுக்குறேன்? முத்தலா, எளசான்னு வெரலுக்குத் தெரியும்."

விரலை விட்டேன். பல் இருக்க வேண்டிய இடம் மழுங்கி, வழவழவென்று இருந்தது. விரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, டாப் கியரைப் போட்டுவிட்டு, நானாவைக் கொஞ்சமாக வேனைத் தள்ளச் சொன்னேன். கியரில் இருப்பதால் வேன் நகர்ந்தால் ஃப்ளைவீலும் நகரும். நின்றதும் மறுபடியும் விரலை விட்டேன். இப்போது கையில் பட்டவை கூரான, நல்ல பற்கள்!

அடியில் படுத்தபடியே எனக்கு எல்லாம் விளங்கியது. எஞ்சின் அணையும்போது அநேகமாக அதே ஓரிரு இடங்களில்தான் வந்து நிற்கும். ஆகவே ஸ்டார்ட்டர் எப்போதும் அதே பற்களைத்தான் கடித்திருக்கிறது. கடித்துக் கடித்து அந்த இடம் தேய்ந்துவிட்டது. சத்தம் போட்டது ஸ்டார்ட்டர் என்பதால் எல்லோரும் அதையே குற்றம் சொன்னோம். இறக்கம் இருந்ததால் அதற்கு மேல் யாரும் தேடவில்லை.

அவசரமாக ஸ்டார்ட்டரை மாட்டி, பேட்டரி வயரைப் பூட்டி, கியரை எடுத்துச் சாவியைத் திருப்பினேன். விர்ர்ர். கியரை எடுத்ததும் எஞ்சின் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது போல. அழுகை வந்துவிட்டது. "அழுவுறத அங்க போய் அழுவலாம். இன்னொருக்கா தள்ளுங்க நானா" என்றார் அக்கா. மறுபடி கியரைப் போட்டேன். இந்தமுறை கடையே கூடி, முன்பைவிடக் கூடுதலாகத் தள்ளியது. கியரை எடுத்துத் திருப்பினேன். கடகடவென்று உறுமி ஸ்டார்ட் ஆகிவிட்டது. நானா குடையை விட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினார். நன்றி சொல்லக்கூட நிற்காமல் பறந்தேன்.

நாங்கள் போனபோது வார்டில் மற்றவர்களெல்லாம் உடை மாற்றிப் படுத்திருந்தார்கள். "ஏய் மெச்சர பரக்கு?" என்று, ஏன் இவ்வளவு தாமதம் எனச் சிங்களத்தில் நர்ஸ் சத்தம் போட்டார். என் முழங்கைவரை இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சுகர் பார்த்தார்கள். சரியாக இருந்தது. அக்காவை உள்ளே அழைத்துப் போனார்கள்.

மறுநாள், ஆபரேஷன் செய்த ஒரு கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். அக்கா கொஞ்ச நேரம் கண்ணைச் சிமிட்டினார். ஜன்னலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இன்னும் நகத்த சொரண்டிக் கழுவலையா நீ?" என்றார்.

வார்டு என்றும் பார்க்காமல் அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

ஹட்டனில் ஒரு கராஜில் ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் பல் வளையத்தைச் சூடாக்கிக் கழற்றி, தேயாத பக்கம் ஸ்டார்ட்டரைப் பார்க்கும்படி புரட்டி மாட்டிக் கொடுத்தார்கள். இப்போது வேன் எங்கே நின்றாலும் ஸ்டார்ட் ஆகிறது. அக்கா தொலைவிலிருந்தே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நான் மட்டும் ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும், இறக்கத்தை நம்பி இன்னும் எதையெல்லாம் தள்ளிப் போட்டு வைத்திருக்கிறேன் என்று ஒரு நொடி என்னையே கேட்டுக்கொள்கிறேன்.