நான் நிறுத்திய படம்

மனைவி இறந்த ஆண்டின் கடைசி மாதம். நாவற்குடா வீட்டில் என் ஒன்பது வயது மகள், அயல்வீட்டார் இரவலாகத் தந்த குறுவட்டில் சிறுவர் படமொன்று பார்த்துக்கொண்டிருந்தாள். மன்றாட்டுகளைக் கேட்பவரைத் தேடி ஒரு சிறுமி முகில்களுக்கு மேலுள்ள மாளிகைக்கு ஏறுகிறாள். கதவைத் திறந்தால் வெற்று நாற்காலி. இங்கே எவரும் இருந்ததேயில்லை என்கிறது ஒரு பறவை.

எழுந்து படத்தை நிறுத்தினேன்.

"ஏனப்பா நிப்பாட்டினீங்க? இன்னும் முடியல்லையே."

"நமக்கு ஏத்த படமில்ல மகள்."

இருண்ட திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அப்ப நாம அம்மாவுக்குச் செபிச்சதெல்லாம் ஆர் கேட்டது?"

ஞாயிறுதோறும் மறைக்கல்வி கற்பித்தவன் நான். நூல்களிலிருந்து விடைகள் எத்தனையோ கூறியிருக்கலாம். ஆயினும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அதே வினாவை நானும் வினவியிருந்தேன். அச்சம் என்னைப் பற்றிக்கொண்டது.

மனைவி இருந்தவரை, மாலைதோறும் செபமாலையில் பத்துப் பத்து மணிகளாக வரும் ஐந்து பத்துகளையும் நாங்கள் மூவரும் பகிர்ந்து சொல்வது வழக்கமாயிருந்தது. நான்காம் பத்து மனைவிக்குரியது. அன்று மகளிடம், "முழங்கால்ல இரி. அஞ்சு பத்தையும் நீயே சொல்லு" என்றேன். பிழையின்றிச் சொன்னாள். அழவில்லை. செபத்தைப் பிரம்பாகக் கையாண்டேன் என்பதை உணராமல், அவள் மறுபடி வினவாததை வெற்றியெனக் கருதி, ஏனைய பெற்றோருக்கும் அவ்வழியையே பரிந்துரைத்தேன்.

சென்ற மாதம், மகள் மணமுடித்து வாழும் செங்கலடிக்குச் சென்றிருந்தேன். பேத்தியின் கைப்பேசியில் அதே படம். சிறுமி கதவை நெருங்கியதும் மகள் அரிவாள்மணையை ஒதுக்கிவிட்டு வந்து பிள்ளையின் அருகில் அமர்ந்தாள். நான் எழுந்தேன்.

"இரிங்கப்பா. இண்டைக்காவது முடிவைப் பாருங்க."

"நீ பாத்திட்டியா?"

"நீங்க நிப்பாட்டின அடுத்த கிழமையே. பக்கத்து வீட்ட போய், தனிய. உங்கட அஞ்சு பத்துக்குப் பயந்து சொல்லல்ல." சிரித்தாள்.

சிறுமி எவரையும் காணாமல் கதவைச் சாத்திவிட்டு இறங்கி வந்தாள். படம் முடிந்தது.

"அப்ப நாம செபிக்கிறத ஆரம்மா கேக்கிற?" என்றாள் பேத்தி.

"ஆண்டவர் கேக்கிறாரு எண்டு நினைக்கிறன். சில நாள் எனக்கும் தெரியா, மகள். அந்த நாளும் செபிக்கத்தான் செய்யிறன்" என்றாள் என் மகள்.

அன்று எனக்கும் தெரியாதிருந்தது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம்.

இப்போது செபமாலையைத் தனியே சொல்கிறேன். நான்காம் பத்தில் விரல் நின்றுவிடுகிறது. அயல்வீட்டுக் கூடத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை அந்தக் கதவு திறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளருகிலுள்ள நாற்காலியில் எவரும் இல்லை.