பிளாஸ்திரியில் எழுதிய சொற்கள்

பொய் என்று தெரிந்தே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். அதை நம்பிய ஒரு பெண், தன் கணவன் நடிக்கிறான் என்று முடிவு கட்டினாள். எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. சுற்றி வளைத்துச் சொல்ல விருப்பமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் உளவியல் ஆய்வாளனாக இருந்தேன். பல ஆண்டுகள் பந்தைத் தலையால் முட்டி ஆடுகிறவர்களின் நினைவாற்றல் பழுதாகிறதா என்பதுதான் என் ஆய்வு. ஒரு தொழிற்சாலையின் கால்பந்து அணி அதற்கு இணங்கியது. அணியினர் எல்லோரும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர்கள். மதியம் வரை பட்டறை, அதன் பிறகு மைதானம். அணியிலிருந்து நீக்கப்பட்டவனுக்கு நாள் முழுவதும் பட்டறைதான். அதைவிடப் பெரிய அவமானம் அவர்களுக்கு இல்லை.

அவர்களில் கோலுக்கு முன்னால் நின்று பந்தைத் தடுக்கும் ஸ்டாப்பராக ஆடியவர், நகரின் ஸ்ரீராம்புரத்துக்காரர். எதிரணி உயரத் தூக்கியடிக்கும் பந்தெல்லாம் அவர் தலைக்குத்தான் வரும். நான் கோட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு கிழிப்பேன். ஒருநாள் பயிற்சி முடிந்ததும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க டாக்டர் சார். பந்து வர்றது தெரியுது. அடிச்சப்புறம் நம்ம கோல் எந்தப் பக்கம்னு ஒரு நிமிஷம் தெரியல."

பெயர் வெளியே போகாது, ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சோதனை எளியது. பதினைந்து சொற்களை வாசிப்பேன். அரை மணி நேரம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு பட்டியல் தயாரித்திருக்க வேண்டியவன், சோம்பலில் எல்லோருக்கும் ஒன்றையே வைத்துக்கொண்டேன். முதலில் வந்தவர்கள் வெளியே போய் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதை அவர்கள் ஏமாற்றாகவே நினைக்கவில்லை. ஒருவன் தடுமாறினால் இன்னொருவன் ஓடிவந்து அந்த இடத்தில் நிற்க வேண்டும். அப்படித்தான் அவர்கள் ஆடிப் பழகியிருந்தார்கள்.

ஸ்டாப்பருக்குச் சொல்லிக் கொடுத்தும் மனத்தில் நிற்கவில்லை.

"பந்துக்கு மட்டும் உன் தலைய குடு குரு. மத்ததுக்கு நாங்க கீறோம்" என்று கோல்கீப்பர் வெளியே சொன்னதும் எல்லோரும் சிரித்ததும் எனக்குக் கேட்டது.

உள்ளே வந்தவரின் இடது மணிக்கட்டில் புது பிளாஸ்திரி சுற்றியிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் காதைச் சொறிவது போல் கையைத் தூக்கினார். நீல மையில் பொடி எழுத்து. 'குடை' என்பதை நானே படித்தேன். அவரும் "குடை" என்றார். டிக் போட்டேன். பதினைந்துக்குப் பதினான்கு என்று எழுதித் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

நிறுத்தியிருந்தால் மொத்த ஆய்வையும் குப்பையில் போட வேண்டியிருக்கும். கட்டுரை மாநாட்டுக்குப் போக இரண்டு வாரம்தான் இருந்தது. அவரைப் பட்டறைக்கு அனுப்ப மனம் வரவில்லை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. பாதிப்பு எதுவும் தென்படவில்லை என்று கட்டுரையை முடித்தேன்.

அடுத்த மாதம் அவர் மனைவி என் அறைக்கு வந்தார். கார்மெண்ட்ஸில் தையல் வேலை, அரைநாள் லீவு போட்டிருந்தார்.

"சும்னே வந்தேன்னு நெனைக்காதீங்க சார், காரணம் இருக்குது. பொண்ண ஸ்கூல்ல விடப் போனவரு, எதுக்கு வந்தோம்னு தெரியாம பாதி வழியில நிக்கிறாரு. தலையில பந்து பட்டுப் பட்டு ஏதாச்சும் ஆயிருக்குமா?"

கணவரின் சோதனைத் தாளை எடுத்துக் காட்டினேன். அவர் விரல் வைத்து எண்ணிப் பார்த்தார்.

"பதினாலா? அப்போ வீட்ல மட்டும் நடிக்கிறாரா சார்?"

தாளின் ஒரு பிரதியைக் கேட்டார். கொடுத்தேன்.

ஸ்டாப்பர் இன்னும் மூன்று பருவங்கள் ஆடினார், ஒவ்வொரு பந்தையும் தலையால் முட்டியபடி. பிறகு வீட்டில் சண்டை முற்றி பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கோல்கீப்பர் மூலம் தெரிந்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகு, இரண்டாயிரத்துப் பத்து வாக்கில், மாநாட்டுக் குழுவுக்கு உண்மையை எழுதினேன். பழைய கட்டுரைத் தொகுதியைத் திருத்த வழியில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீராம்புரம் போனேன். அந்த அம்மா வாசலில் நிற்க வைத்தே கேட்டார். பிளாஸ்திரி, சொற்கள், என் டிக் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பேப்பர மூஞ்சிக்கு நேரா காட்டி அவர அடிச்சிருக்கேன் சார்" என்றார். "குடிகாரன்னு ஊரெல்லாம் சொன்னேன். அவரு குடிக்கவே மாட்டாரு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"என்கிட்ட எதுக்கு? பஸ் ஏறுங்க, நானும் வர்றேன். அவங்க அண்ணன் முன்னால சொல்லுங்க."

சந்தாபுராவில் அண்ணன் முழுவதையும் கேட்டார். "படிச்சவரு நீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஸ்டாப்பர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷூ லேஸை அவிழ்த்து, கட்டி, மறுபடி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பந்து மட்டுமே இதற்குக் காரணம் என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. ஆனால் அவர் நிறுத்திக்கொள்ள இருந்த ஒரு வாய்ப்பைப் பறித்தவன் நான்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"டாக்டர் சார், நான் பாஸா?"

அந்த அம்மா குனிந்து லேஸைக் கட்டிவிட்டார். "எழுந்திருங்க, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் நின்றேன். இறங்கும்போது அவர் எனக்குக் கையசைத்தார். அந்த அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, திரும்பிப் பார்க்காமல் அவரை அழைத்துக்கொண்டு போனார்.