ஆளுக்கொரு கஷாயம், எனக்கொரு ஆரஞ்சு மிட்டாய்

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தேன். தைத்து வரும் சட்டைகளில் ஓட்டை, அழுக்கு, தையல் பிரிந்தது எல்லாம் பார்த்து ஒதுக்குவது என் வேலை. என் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் போகாது என்று கொஞ்சம் திமிரே உண்டு.

அந்த வருடம்தான் எனக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் கம்பெனியே பாசத்தில் பொங்கிவிட்டது! தையல்கார அக்கா ஆவாரம்பூ கஷாயம் கொண்டுவந்தார். அயர்ன் மாஸ்டர் சிறுகுறிஞ்சான் பொடி கொடுத்தார். பேக்கிங் தங்கச்சி பாகற்காய்ச் சாறு பிழிந்து வந்தாள். வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடிவிடுமே! எல்லாவற்றையும் குடித்தேன், மாத்திரையையும் விடவில்லை. நல்லதோடு நல்லது சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வினோத நம்பிக்கை. சரக்கு வாங்கும் பையரின் ஆள் வந்து அதைப் பார்த்து 'பாஸ்' சொல்லும்வரை யாரும் சாப்பாடு கொண்டுவந்த தூக்குப்போசியைத் திறக்கக் கூடாது. திறந்தால் சரக்கு பெயிலாகிவிடுமாம். எப்போதோ யாரோ தயிர்சாதத்தைத் திறந்த நேரத்தில் ஒரு லாட் முழுக்கத் திரும்பிவிட்டதாம்.

ஒரு நாள் பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் வந்தார், சிடுமூஞ்சி என்று பெயரெடுத்தவர். வரும்போதே மத்தியானம் தாண்டிவிட்டது. காலையில் மாத்திரை, கஷாயம், பொடி, சாறு எல்லாம் எனக்குள் போயிருந்தன. இட்லி மட்டும் அவசரத்தில் ஒன்றுதான். திடீரென்று வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. ஒரு சட்டையை நல்ல பீஸ் பக்கம் தள்ளினேன். அவர் எடுத்து விரித்தார். சட்டைக்கு ஒரு கையே இல்லை!

சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டரோ சட்டையைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, சுகர் மாத்திரை போடறீங்களா?"

தலையாட்டினேன். பேச நாக்கு புரளவில்லை. அவர் தன் பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய்களை எடுத்துக் கொடுத்து என்னை வாயில் போட வைத்தார்.

"டீயில சக்கரைய அள்ளிப் போட்டுக் கொண்டாங்க, சீக்கிரம்! எனக்கும் சுகருதானுங்க, இந்த நடுக்கம் எனக்குத் தெரியுமுங்க."

டீ உள்ளே இறங்கிச் சற்று நேரத்தில் கண் தெளிந்தது. அவர் எல்லோர் பக்கமும் திரும்பினார்.

"மொதல்ல எல்லாரும் போசியத் தொறந்து சாப்புடுங்க. அப்பறந்தான் சரக்கப் பாப்பேன்."

சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தையல்கார அக்காதான் முதலில் திறந்தார். சிடுமூஞ்சிக்காரர் ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அக்காவிடம் ஊறுகாய் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் அக்காதான் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். "மாத்திரையும் சக்கரையை இறக்கும், நீங்க குடிக்கறதும் இறக்கும். சோறும் திங்காட்டி என்னாகும்? எதக் குடிச்சாலும் எங்கிட்டக் கேட்டுட்டுக் குடிங்க. மாத்திரைய நீங்களா நிறுத்தவும் கூடாதுங்க" என்றார் டாக்டர். அக்கா வெளியே வந்ததும் அழுதுவிட்டார். "என்ற கையாலயே உன்னையக் கொல்லப் பாத்தனே சாமி!" அவரைத் தேற்றுவதற்குள் எனக்கு மறுபடியும் வியர்த்துவிட்டது.

அத்தனை போசிகளும் திறந்திருக்க, அன்று சரக்கு பாஸாகிவிட்டது. அதோடு அந்தப் பட்டினிச் சட்டமும் ஒழிந்தது. என் கைப்பையில் இன்றைக்கும் ஆரஞ்சு மிட்டாய் இருக்கிறது. குறை கண்டுபிடிக்கவே வந்த ஒரு மனிதர் கையில்லாத சட்டையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாரே, அதனால்தான் இதைச் சிரித்துக்கொண்டே எழுத நான் இருக்கிறேன்.